சட்டியில் இல்லாதது

சிவப்பு வந்தபோது அவள் பாப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

கட்டில் மேலிருந்த லேப்டாப் மணி அடித்தது. பச்சைக்கும் சிவப்புக்கும் ஒரே மணிதான். சிவப்புக்கென்று தனி மணி வைக்க அவளுக்குத் தோன்றியதே இல்லை. வந்தால்தானே தோன்றும்.

பாப்பாவின் விரலைப் பிடித்தபடியே திரும்பினாள். 'பொருந்தவில்லை' என்றது திரை. நகவெட்டி கையிலிருந்து நழுவிக் கட்டிலடிக்குப் போனது. பாப்பா கைகொட்டிச் சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. படித்ததையே மறுபடி படித்தாள்.

அவள் வேலை செய்யும் திட்டம், திரையில் எழுத்துகளை வரையும் ஒரு மென்பொருள். கைப்பேசியில் இருக்கிறது, டிக்கெட் இயந்திரத்தில் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் நாடித்துடிப்பைக் காட்டும் பெட்டியில் இருக்கிறது. யாரும் எடுத்துக்கொள்ளலாம். யாரும் திருத்தி அனுப்பலாம். முகம் பார்த்திராத நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து இழுக்கும் தேர். பட்டப்பெயர்களில்தான் பழக்கம். அவளுக்குச் சல்லடை என்று பெயர். கல்லோ உமியோ, அவளைத் தாண்டிப் போகாது என்பார்கள்.

இந்த மென்பொருளை ஒரு கணினியில் கட்டியெழுப்பும் முன், அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று துருவிப் பார்க்க ஒரு கோப்பு வேண்டும். கட்டமைப்புக் கோப்பு. அதைக் கையால் எழுதுவதில்லை. மனிதர்கள் எழுதுவது சில நூறு வரிக் குறிப்பு மட்டும். ஒரு கருவி அதை வாங்கிப் பல்லாயிரம் வரியாகப் பெருக்கித் தரும். குறிப்பை எல்லோரும் படிப்பார்கள். பெருகி வந்ததை ஒருவரும் படிப்பதில்லை. படித்தவனுக்குக் கல்யாணம் ஆகாது என்று திட்டத்தில் ஒரு பழைய ஜோக் உண்டு.

ஒருவரும் படிக்காத இடம் திருடனுக்கு நல்ல இடம். அதனால்தான் அவள் அந்தச் சோதனையை எழுதினாள். ஒவ்வொரு வெளியீட்டிலும் கோப்பைப் புதிதாக உருவாக்கி, மென்பொருளோடு மூட்டையில் வைத்துக் கட்டுவார்கள். அவளுடைய சோதனை அதே குறிப்பிலிருந்து தானும் ஒருமுறை உருவாக்கும். இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். குறிப்பு சட்டி, கோப்பு அகப்பை. சட்டியில் உள்ளதுதான் அகப்பையில் வந்திருக்கிறது என்றால் பச்சை.

சோதனை பிறந்த நாளிலிருந்து பச்சைதான். திட்டத்தில் அவளுக்கு இருந்த மரியாதை முழுவதும் அந்தப் பச்சையில் இருந்தது.

இன்று சட்டியில் இல்லாதது அகப்பையில் வந்திருந்தது. இருபத்துச் சொச்சம் வரி. கணினியின் தற்காலிகக் கோப்புறையில் ஓசைப்படாமல் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கும் வரிகள். அதன் பெயர் ஒரு புள்ளியும் ஒரு எண்ணும். புள்ளியில் தொடங்கும் பெயர் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது. களவுக்கு வரப்போகிறவன் பகலிலேயே சுவரில் கீறிவிட்டுப் போகும் அடையாளம் போல இருந்தது.

மூட்டையைக் கட்டியவன் அடுத்த அறையில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

அவளுடைய கொழுந்தன்.

*

திட்டத்தில் அவனுக்கு வால் என்று பெயர். சும்மா வந்த பெயர் அல்ல. ஒருமுறை யாருடைய திருத்தம் தோற்றாலும் திரையில் 'நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா' என்று வரும்படி செய்து வைத்தான். ஒரு வாரம் எல்லோரும் சிரித்தார்கள். திட்டத்தை நடத்தும் கணக்கு வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ஜட்ஜ் என்று பெயர்.

ஓர் ஆண்டாக வாலுக்கு வேலை இல்லை. பெரிய நிறுவனம் ஒன்று இந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியது. ஜட்ஜ் ஒரு வார்த்தை சொன்னால் வேலை அவனுக்கு. ஒரு வெளியீட்டைத் தனியாகச் செய்து காட்டட்டும், சொல்கிறேன் என்றார் ஜட்ஜ். அவள்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். இதுவரை எல்லா வெளியீடும் அவள் செய்தது. இது அவன் செய்த முதல் வெளியீடு.

"அண்ணி, பச்சையா? மத்தியானம் வெளியில சாப்பிடலாம், நான் ட்ரீட்டு. அண்ணன்கிட்ட பர்ஸ் வாங்கிக்கிறேன்."

"இங்க வா."

வந்து குனிந்தான். தலையிலிருந்து ஒரு சொட்டு விசைப்பலகையில் விழுந்தது.

"என்னது இது?"

"அதை நான் உன்கிட்ட கேக்கணும்."

"எனக்கெப்படித் தெரியும்? நானா எழுதினேன்?"

"நீ கட்டின மூட்டை."

"கட்டினேன். நீங்க சொன்ன கட்டளையை அடிச்சேன், அது கொடுத்ததைக் கட்டினேன். கல்யாணத்துக்கு மொய்க்கவர் கொண்டுபோறவன் கவரைப் பிரிச்சா பாப்பான்?"

"விளையாடாத."

"விளையாடல அண்ணி."

அவன் முகத்தைப் பார்த்தாள். வெளிறியிருந்தது. பொய் சொன்னாலும் வெளிறும், சொல்லாவிட்டாலும் வெளிறும். முகத்துக்குச் சோதனை எழுத முடியாது.

சோதனையின் முடிவை மறைக்கவும் முடியாது. சிவப்போ பச்சையோ, உடனே திட்டத்தின் பொதுப்பக்கத்தில் ஒட்டிவிடும். அப்படித்தான் அவள் அமைத்திருந்தாள். யாரும் நடுவில் புகுந்து மூடி மறைக்கக்கூடாது என்று.

முதலில் பார்த்தவள் ஊசி. பாதுகாப்பு வேலையில் இருக்கும் பெண். எந்த ஊரில் இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. தூங்குவாளா என்றும் தெரியாது.

'போன வெளியீடு வரைக்கும் பச்சை,' என்று எழுதினாள் ஊசி. 'வால் கைக்கு வந்ததும் சிவப்பு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொன்ன ஆள்தானே? இப்ப அவரு கூட்டிட்டு வரட்டும்.'

கீழே பலர் கட்டைவிரல் தூக்கினார்கள். நேற்றுவரை வாலின் ஜோக்குக்குச் சிரித்த அதே கட்டைவிரல்கள்.

ஜட்ஜ் ஒரே வரி எழுதினார். 'மாலை கூடுவோம். விதிப்படி வாக்கெடுப்பு.'

விதியும் அவள் எழுதியதுதான். பொருந்தாத கோப்பை அனுப்பியவரின் சாவி, அதாவது வெளியிடும் உரிமை, பறிக்கப்படும். காரணத்தோடு பெயர் பொதுப்பக்கத்தில் வைக்கப்படும்.

வால் அதை நின்றபடியே படித்தான். பிறகு தரையில் உட்கார்ந்தான்.

"பேர் போட்டுட்டா போச்சு அண்ணி. அந்தக் கம்பெனி மட்டும் இல்ல. எவன் என் பேரைத் தேடினாலும் முதல்ல இதுதான் வரும். கிழவனானாலும் வரும்."

நிஜம் அதுதான். இணையத்தில் ஒட்டிய கறை, கழுவக் கழுவப் பளபளக்கும்.

*

கணவன் சாப்பாட்டுக்கு வந்தான். லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ். மகளைத் தூக்கப் போய், கையைப் பார்த்து நிறுத்தி, முழங்கையால் அணைத்துக்கொண்டான்.

"என்ன, எழவு வீட்ல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"உங்க தம்பி மேல பழி விழுந்திருக்கு."

"என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல," என்றான் வால்.

"அதான் வீட்ல தினமும் பாக்குறோமே. இன்னைக்கு என்ன புதுசா?"

யாரும் சிரிக்காததால் கணவன் உட்கார்ந்தான். அவள் சுருக்கமாகச் சொன்னாள். அவனுக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது.

"யாரோ உள்ள எதையோ சொருகியிருக்காங்க. இவன்தான்னு சொல்றாங்க. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"நீ என்ன நினைக்கிற?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மூச்சு நேரம். மின்விசிறி சுற்றும் ஓசை கேட்டது. அந்த மூச்சு நேரத்தை மூவருமே கேட்டார்கள்.

வால் எழுந்தான். அறைக்குள் போய்த் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில், அவள் முன் வைத்தான்.

"இந்தாங்க. பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும். தலைகீழாக் கவுத்துக் கொட்டுங்க. நீங்களே சந்தேகப்பட்டீங்கன்னா அந்த ஊசி குத்துறதைப் பத்தி நான் பேச என்ன இருக்கு?"

"தம்பி, நான் அப்படிச் சொல்லல."

"நீங்க எதுவுமே சொல்லலையே அண்ணி."

கதவு சாத்திக்கொண்டது. கணவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு உன் வேலை தெரியாதும்மா," என்றான். "அவனைத் தெரியும். வாலை ஆட்டுவான். கடிக்க மாட்டான்."

சாப்பிடாமல் கை கழுவினான்.

*

நம்பிக்கை வேறு, சோதனை வேறு. அவளுக்குத் தெரிந்தது சோதனைதான். வேலையில் இறங்கினாள்.

முதலில் வாலின் லேப்டாப்பில் கோப்பை உருவாக்கினாள். சுத்தம். அந்த வரிகள் இல்லை. மறுபடி உருவாக்கினாள். இல்லை.

அவளுக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. அவன் மூட்டையைக் கட்டியது இதில் அல்ல.

லேப்டாப்பிலேயே செய்துவிடட்டுமா என்று அவன் கேட்டது நினைவுக்கு வந்தது. அவள்தான் வேண்டாம் என்றாள். 'உன் லேப்டாப்ல என்னென்ன குப்பை இருக்கோ. பெட்டியிலயே பண்ணு. அதுல எல்லாம் செட் ஆகியிருக்கு.'

பெட்டி என்றது பாப்பா தூங்கும் அறையின் சுவரலமாரியில் இருந்த பழைய கணினியை. எல்லா வெளியீடும் அவள் அதில்தான் செய்வாள். அவளுடைய சோதனையும் போன வாரம்வரை அதில்தான் ஓடியது. சோதனை ஓடும்போதெல்லாம் அதன் விசிறி ஒப்பாரி வைத்தது, பாப்பா விழித்து அழுதது. அதனால் சோதனையை மட்டும் எங்கோ உள்ள ஒரு வாடகைக் கணினிக்கு மாற்றினாள். துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி புத்தம்புதிய கணினி.

அலமாரியைத் திறந்தாள். வெப்பக் காற்று முகத்தில் அடித்தது. ஒரு கம்பளிக் குல்லாவும் உடைந்த கிலுகிலுப்பையும் பெட்டியின் மேல் கிடந்தன. எடுத்துக் கீழே வைத்தாள். கட்டளையை அடித்தாள்.

விசிறி அழத் தொடங்கியது. கோப்பு உருவாகி வந்தது. தேடினாள்.

வரிகள் இருந்தன.

ஆக மூட்டை கட்டிய பிறகு யாரும் வந்து சொருகவில்லை. கருவியே சொருகித் தருகிறது. இந்தப் பெட்டியில் மட்டும். இந்தப் பெட்டிக்குள் நுழையத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்.

நான் இல்லை என்று நினைத்தாள். அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்தது என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

எழுந்து போய் அவன் கதவைத் தட்டினாள்.

"பெட்டிக்குள்ள நீ எதையாவது போட்டு வச்சியா? எப்பவாவது? விளையாட்டுக்காவது?"

கதவு திறக்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அதுக்குள்ள போனாலே திட்டுவீங்க. உங்க பூஜை ரூமு அது. இந்த ஒரு தடவைதான் போனேன். அதுவும் நீங்க சொல்லி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு தம்பி."

"யோசிச்சுட்டேன். நான் இல்ல. வேற யார்னு நீங்க யோசிங்க."

திரும்பி வந்தாள். கருவி ஒரே சட்டியிலிருந்து அள்ளுவதில்லை. குறிப்பில் ஒரு சொல் இருந்தால் அதற்குரிய நிரல் துண்டைத் தேடிக்கொண்டு போகும். சில துண்டுகள் திட்டத்திலேயே இருக்கும். சில கணினியோடு சேர்ந்து வந்திருக்கும். கணினியின் சொந்தக்காரர் தானாகச் சேர்த்து வைத்தவையும் இருக்கலாம். அப்படி ஒன்று இருந்தால் கணினியோடு வந்ததை விட்டுவிட்டு அதைத்தான் எடுக்கும். மாமியார் வைத்த குழம்பு இருக்க மருமகள் வைத்ததைக் கேட்கும் புருஷன் மாதிரி.

எந்தத் துண்டை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால் கருவி ஒளிக்காமல் சொல்லும். கேட்டாள். பாதைகள் வரிசையாக இறங்கின. எல்லாம் கணினியோடு வந்த இடம், கணினியோடு வந்த இடம், கணினியோடு வந்த இடம்.

ஒன்று மட்டும் வேறு.

அந்தக் கோப்பைத் திறந்தாள். யாரோ கணினியோடு வந்த துண்டைப் பிரதி எடுத்து, கடைசியில் மூன்று வரி சேர்த்திருந்தார்கள். மூன்றே வரி. கருவிதான் அதை இருபத்துச் சொச்சமாகப் பெருக்கியிருந்தது. மேலே ஒரு குறிப்பு இருந்தது. குறிப்புகள் பெருகி வரும் கோப்பில் வராது. எழுதியவர் கண்ணுக்கு மட்டும்தான்.

'பெட்டி எந்த இடத்திலிருந்து எடுக்குதுன்னு தெரிய ஒரு அடையாளம். பார்த்துட்டு எடுத்துடணும்.'

அவள் கை விசைப்பலகையிலேயே கிடந்தது.

கோப்பின் தேதியைப் பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் பார்த்தாள். பாப்பா பிறந்ததற்கு முந்தின நாள். சேர்த்தவர் பெயரும் இருந்தது. அவள் பெயர்.

இப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. ஒன்றுவிடாமல். வயிறு மேசையில் இடிக்க, நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கோப்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரவேண்டும், நம்பகமாக வரவேண்டும், அதற்குக் கருவி எதை எங்கிருந்து எடுக்கிறது என்று தெரியவேண்டும். மூன்று வரி எழுதினாள். எண்டர் தட்டினாள். இடுப்பைச் சுற்றி ஒரு வலி வந்தது. கணவனைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கையில் பாப்பாவோடு வந்தாள். அந்த மூன்று வரியும் நினைவில் இல்லை.

இன்று காலை முதல் அந்த வரிகளைத்தான் கள்ளனின் கீறல் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெருகி வந்த உருவத்தில் தன் கையெழுத்தே தனக்கு அடையாளம் தெரியவில்லை.

"அட கடவுளே," என்றாள்.

எழுந்து நேராக வாலின் அறைக்கு ஓடினாள். நடுக்கூடத்தில் நின்றாள்.

பாப்பா பிறந்ததற்கு முந்தின நாள்.

பாப்பா இப்போது நடக்கிறது, ஓடுகிறது, நகம் வெட்ட விடமாட்டேன் என்கிறது.

இடையில் எத்தனை வெளியீடு? மூன்று.

மெதுவாகத் திரும்பினாள். அலமாரிக்குள் விசிறி இன்னும் அழுதுகொண்டிருந்தது. போன வெளியீட்டின் மூட்டையைப் பொதுப்பக்கத்திலிருந்து இறக்கினாள். உலகமே இறக்கிய அதே மூட்டை. தலைப்பில் அவள் பெயர், பக்கத்தில் பச்சை முத்திரை. பிரித்தாள். தேடினாள்.

இருந்தன.

அதற்கு முந்தினது. இருந்தன.

அதற்கும் முந்தினதைத் திறக்க விரல் வரவில்லை. திறந்தாள். இருந்தன.

எல்லாவற்றிலும் பச்சை. எப்படிப் பச்சை? கேட்ட கையோடு பதிலும் தெரிந்தது. பெட்டி உருவாக்கியதைப் பெட்டியே சோதித்தது. உருவாக்கும்போதும் அந்த மூன்று வரி சேர்ந்தது, சோதிக்கும்போதும் அதே மூன்று வரி சேர்ந்தது. இரண்டும் அச்சுப் பிசகாமல் பொருந்தின. கள்ளச் சாவியைக் கள்ளச் சாவியோடு ஒப்பிட்டு நல்ல சாவி என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

போன வாரம்தான் சோதனை முதல்முறையாக வீட்டை விட்டு வெளியே போனது. இன்று முதல்முறையாக உண்மையைச் சொன்னது. அந்த நேரம் பார்த்து முன்னால் நின்றவன் வால்.

வெற்றுக் கோப்புதான். ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் பெயர் தெரியாத ஊர்களில், பெயர் தெரியாத அறைகளில், ஆயிரக்கணக்கான கணினிகள் அவள் எழுதிய மூன்று வரியைக் கேள்வி கேட்காமல் ஓட்டியிருக்கின்றன. ஒருவரும் பார்க்கவில்லை. பச்சை இருந்ததே. அது வெற்றுக் கோப்பாக இல்லாமல் வேறு ஏதாவதாக இருந்திருந்தால்?

பாப்பா வந்து அவள் முழங்காலைப் பிடித்தது. வெட்டாத விரல்களை நீட்டியது. அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா பயந்து அழுதது.

*

கூட்டம் தொடங்கியபோது அவள் படுக்கையறையில் இருந்தாள். வால் அவன் அறையில், அவள் கதவடியில் வைத்துவிட்டு வந்த தன் லேப்டாப்போடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். கூட்டத்தில் முகம் காட்டும் வழக்கம் இல்லை. பட்டப்பெயர்களும் குரல்களும் மட்டும்.

"எல்லாரும் இருக்காங்களா?" என்றார் ஜட்ஜ். வகுப்பெடுக்கும் குரல். "வால்?"

"இருக்கேன் சார்."

"ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல சார். நான் பண்ணல. அதை ஏற்கனவே சொல்லிட்டேன். திரும்பத் திரும்பச் சொன்னா மட்டும் நம்பப் போறீங்களா?"

"எல்லாக் கள்ளனும் சொல்றதுதான்," என்றாள் ஊசி.

"ஊசி, தீர்ப்பு இன்னும் வரல. வாக்கெடுப்புக்குப் போகலாமா?"

"சார்," என்றாள் அவள். தன் குரல் தனக்கே அடுத்த வீட்டுக் குரல் போல் கேட்டது. "அதுக்கு முன்னாடி ஒரு வேலை."

"சொல்லும்மா சல்லடை."

"போன வெளியீட்டு மூட்டையை எல்லாரும் இறக்குங்க. பிரிங்க. அந்த வரிகளைத் தேடுங்க."

"எதுக்கு?" என்றாள் ஊசி. "அது பச்சை."

"தேடு."

விசைகளின் ஓசை. பல ஊர்களின் விசைகள். ஒருவர் இருமினார். எங்கோ ஒரு நாய் குரைத்தது.

"இருக்கு," என்றாள் ஊசி. மெதுவாகச் சொன்னாள். அந்தக் குரலில் ஊசி இல்லை.

"எனக்கும் இருக்கு," என்றது வேறொரு குரல். "எனக்கும்."

"இரு, இரு. அப்படின்னா இவன் போன தடவையே..." ஊசி பாதியில் நிறுத்தினாள். போன தடவை இவன் எங்கே இருந்தான்?

"அதுக்கு முந்தினதையும் பாருங்க," என்றாள் அவள்.

விசைகளின் ஓசை மட்டும். பிறகு அதுவும் நின்றது. எல்லோர் கண் முன்னாலும் ஒரே பக்கம், ஒரே பெயர், ஒரே பச்சை.

"சல்லடை," என்றார் ஜட்ஜ். குரலில் வாத்தியார் இல்லை. "இதையெல்லாம் வெளியிட்டது யாரு?"

அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

"நான்."

சுவருக்கு அந்தப்பக்கம் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. அந்தச் சொல் வாலின் காதில் இரண்டுமுறை விழுந்திருக்கும். முதலில் சுவர் வழியாக. பிறகு ஹெட்ஃபோன் வழியாக.

அவள் சொன்னாள். மூன்று வரி, அடையாளம், எடுக்க மறந்தது, பெட்டியைப் பெட்டியே சோதித்தது. எதற்கும் சமாதானம் சேர்க்கவில்லை. பாப்பா பிறந்ததைச் சொல்லவில்லை. அது அவர்களுக்கு வேண்டாத விஷயம்.

ஜட்ஜ்தான் முதலில் பேசினார்.

"நேத்துதான் போன வெளியீட்டை என் கம்ப்யூட்டர்ல மறுபடி கட்டியெழுப்பினேன். இப்ப என் தற்காலிகக் கோப்புறையைப் பாத்தேன். இருக்கும்மா. புள்ளி போட்ட கோப்பு. பக்கத்துலயே இன்னும் நாலு, முன்ன எழுப்பினப்பல்லாம் வந்தது. நான் பாத்ததே இல்ல." நிறுத்தினார். "நாப்பது வருஷமா பசங்க விடைத்தாளைத் திருத்துறேன். ஒருத்தன் பேப்பரை அவன்கிட்டயே கொடுத்துத் திருத்தச் சொன்னதில்ல. இங்க அதைத்தான் பண்ணிருக்கோம். எல்லாரும் சேர்ந்து."

"விதி இருக்கு சார்," என்றாள் அவள்.

"நீ எழுதின விதி."

"அதனாலதான். பொருந்தாத கோப்பை அனுப்பினவங்க சாவி. வாலோடது இல்ல, என்னோடது. இப்பவே எடுத்துக்கங்க. பேரையும் போடுங்க, காரணத்தோட. மூணு வெளியீட்டையும் திரும்ப எடுக்கணும். அதையும் பொதுப்பக்கத்துல சொல்லணும்."

வாக்கெடுப்பு நடந்தது. கட்டைவிரல்கள் தயங்கித் தயங்கி எழுந்தன. அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சாவிப் படம் மறைந்தது. அது இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

"வால்," என்றார் ஜட்ஜ்.

சுவருக்கு அந்தப்பக்கம் மூக்கை உறிஞ்சும் ஓசை.

"வால், இருக்கியாப்பா?"

"இருக்கேன்."

"கோப்பைப் புதுசா உருவாக்கு. இப்பவே. நாங்க பாக்குறோம்."

"எதுல சார்? என் லேப்டாப்ல என்னென்ன குப்பை இருக்கோ."

அவளுக்கு அது புரிந்தது. அவளுக்கு மட்டும்தான் புரிந்தது.

அவன் தன் லேப்டாப்பிலேயே உருவாக்கினான். மூட்டை கட்டினான். வாடகைக் கணினி எங்கோ விழித்து, தானும் ஒன்றை உருவாக்கி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டது. கட்டிலில் மணி அடித்தது. அதே மணி.

பச்சை.

யாரும் கைதட்டவில்லை. ஊசிதான் முதலில் கேட்டாள்.

"அந்த வாடகை மெஷின்ல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எல்லாரும் அவங்கவங்க மெஷின்ல ஒரு தடவை உருவாக்குங்க," என்றார் ஜட்ஜ். "உருவாக்கி, பக்கத்துல இருக்கவங்களோடதோட ஒப்பிடுங்க. தன்னோடதோட இல்ல."

மறுபடி விசைகள். ஒவ்வொரு குரலாக வந்தது. பொருந்துது. பொருந்துது. எனக்குப் பொருந்தல, இருங்க, பழைய கருவி, மாத்திட்டு வரேன்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாவி இல்லாதவளுக்கு அங்கே வேலை இல்லை.

அறைக்கதவு தள்ளப்பட்டது. வால் நின்றான். காதில் ஹெட்ஃபோன் தொங்கிக்கொண்டிருந்தது. கண் சிவந்திருந்தது. அவளைப் பார்க்காமல் கட்டிலில் இருந்த அவள் லேப்டாப்பைப் பார்த்தான்.

"என்னோடதோட ஒப்பிட ஒரு ஆள் வேணுமாம் அண்ணி," என்றான். "பக்கத்துல இருக்கவங்க நீங்கதான்."

அவள் கட்டளையை அடித்தாள். எண்டர் மேல் விரலை வைத்தாள். அழுத்தப் பயமாக இருந்தது.